குறுக்கே பேசாத தம்பி

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். மூத்தவன் அண்ணன், நடுவில் நான், கடைசியில் தம்பி. தம்பிக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் கம்பி. டெலிபோன் ஆபீசில் லைன்மேனாகச் சேர்ந்த பிறகு, சட்டைப்பையில் ஒரு துண்டுக் கம்பி இல்லாமல் அவனைப் பார்த்தவர்கள் கிடையாது. அறுந்த செருப்பை முடியக் கம்பி, ஆடுகிற நாற்காலிக் காலைக் கட்டக் கம்பி, என் மகளின் பொம்மைக்குக் கழன்ற கையை மாட்டக் கம்பி. "கம்பின்னு பேர் வாங்கினவன் சின்னவன், கம்பி நீட்டினவன் பெரியவன்" என்று எங்கள் சித்தப்பா சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். எங்களுக்குச் சிரிப்பு வராது. பெரியவன் ஏன் போனான் என்பது எங்களுக்குத் தெரியும்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அப்பா தையல்காரர். வாயில் எந்நேரமும் குண்டூசியோ பித்தானோ இருக்கும். அதோடுதான் பேசுவார். குறுக்கே யாராவது வாயைத் திறந்தால் அத்தோடு நிறுத்திவிடுவார், மறுபடி சொல்ல மாட்டார். அண்ணனும் அதே வார்ப்பு. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் நின்று, கூரை மோட்டைப் பார்த்து, பிறகுதான் மீதியைச் சொல்லுவான். இடையில் புகுந்தால் "போ, வந்தது போச்சு" என்று எழுந்து போய்விடுவான். அதனால் கம்பிக்குச் சிறு வயதிலேயே ஒரு பழக்கம் படிந்துவிட்டது. பெரியவர்கள் பேசினால் அசையாமல் நிற்பான். ஈ மேலே உட்கார்ந்தாலும் ஓட்ட மாட்டான்.

அண்ணனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்த சமயம். பெண்ணின் அண்ணனோடு அவன் அடிக்கடி போனில் பேசுவான். கல்யாணமானதும் தனிக்குடித்தனம் போகப்போவதாக ஒரு நாள் அவரிடம் சொல்லியிருக்கிறான். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அந்த வாரமே அப்பா, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "தனியாப் போறியாமே, போ, நல்லாயிரு" என்றார். அண்ணன் முகம் கறுத்துப்போனது. போனில் பேசியது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் ஒரு லைன்மேன் இருக்கிறானே! கம்பத்துப் பெட்டியில் சோதனைப் போனை மாட்டினால் யார் பேச்சையும் கேட்கலாம் என்று அண்ணன் முடிவுகட்டிவிட்டான்.

நாங்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா குடும்பமும் வந்திருந்தது. அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு, "கம்பத்துல ஏறி ஒட்டுக்கேட்டுப் பொழைக்கிற பொழப்பும் ஒரு பொழப்பா?" என்றான்.

கம்பி கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. அண்ணன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தான் போல. அண்ணனோ சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அப்பாவாவது "அவன் சொல்லலை, எனக்கு வேற ஆள் சொன்னாங்க" என்று வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சொன்ன ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு நியாயம்.

லைன்மேனை ஒட்டுக்கேட்கிறவன் என்று சொல்வது சமையல்காரனைப் பார்த்துச் சோற்றில் துப்புகிறவன் என்று சொல்வதைப் போல. லைன் சரியானதும் "ஹலோ, டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டுக் காதிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு சொல் காதில் விழுந்தாலும் அது கேட்டதில் சேராது. கம்பி அப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும், அவன் கூட வேலை செய்தவர்களுக்கும் தெரியும். ஆனால் சித்தி வாய் சும்மா இருக்குமா? கொஞ்ச நாளில் தெருவில் ஆளாளுக்கு, "பாத்துப் பேசு, கம்பி கேட்டுட்டிருப்பான்" என்று போனில் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். விளையாட்டாகத்தான். அவன் எதிரிலேயே சொல்லுவார்கள். அவனும் சிரிப்பான். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம், "அண்ணன் வாயால சொன்னது, அண்ணன் வாயாலதான்க்கா போகணும்" என்பான்.

அண்ணன் அதே பெண்ணைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டான். கொட்டின வார்த்தையை யாரும் அள்ளவில்லை. வருஷங்கள் ஓடின. அப்பா காலமானார். அண்ணனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, என்னிடம் மட்டும் போனில் அழுதான். கம்பி பக்கத்திலேயே நின்றான். ரிசீவரை நீட்டினேன். அந்தப் பக்கம் அண்ணன் வைத்துவிட்டிருந்தான்.

அதற்கப்புறம்தான் இந்த இன்டர்நெட் வந்தது. இப்போது போல எந்நேரமும் கையில் ஒட்டிக்கொண்டிருப்பது இல்லை அது. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. டெலிபோன் கம்பியை அதில் செருக வேண்டும். அதுவே ஒரு நம்பருக்குப் போன் போடும். எதிர்ப்பக்கம் இன்னொரு மோடம் எடுக்கும். முதலில் ஒரு கீச்சல், அதற்கு ஓர் எதிர்க்கீச்சல், பிறகு மணல் வறுப்பது போல இரைச்சல். அது அடங்கினால் இணைப்பு கிடைத்தது என்று அர்த்தம். அந்த நேரம் முழுக்க வீட்டுப் போன் வேலை செய்யாது.

கடையில் வாங்கிவிடுவார்கள், மாட்டத் தெரியாது. மாட்டினாலும் லைன் மோசமாக இருந்தால் நிற்காது. ஆபீஸ் வேலை முடிந்ததும் கம்பியைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் ஆசையாகக் கற்றுக்கொண்டான். முதலில் ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பான். வெறும் டயல் டோனைக் கேட்டே, "எங்கயோ ஒரு முடிச்சு பச்சை பூத்திருக்கு" என்பான். சுவரோடு போய், சன்னலுக்கு மேலே, பரணுக்குப் பின்னால் என்று தேடி, களிம்பு ஏறிய முனையைக் கத்தியால் சுரண்டி மறுபடி முறுக்குவான். பின்னறையில் ஒன்று, மாடியில் ஒன்று என்று இழுத்து வைத்திருக்கும் போன்களையெல்லாம் கழற்றுவான். கடைசியில் மோடத்தின் வேகத்தை ஒரு படி குறைத்து வைப்பான்.

"ஏம்ப்பா, காசு குடுத்து வேகமான பெட்டி வாங்கினா நீ கொறைக்கிறியே?"

"பதறாத காரியம் சிதறாதுங்க. பறந்து போய் பாதில விழறதைவிட நடந்து போய்ச் சேரட்டும்."

"அது ஏன் இந்தக் கத்து கத்துது? பூனைச் சண்டை மாதிரி?"

"ரெண்டும் சம்பந்தம் பேசுதுங்க. எந்த வேகத்துல பேசலாம்னு ஒத்துக்கிட்டா சத்தம் அடங்கிடும்."

"எங்க வீட்ல ஒத்துக்கிட்ட பிறகுதான்யா சத்தமே ஆரம்பிச்சுது" என்பார் அந்த வீட்டுக்காரர். உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள்.

எல்லா வீட்டிலும் அவன் மறக்காமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஜனங்கள் இன்டர்நெட்டைப் பார்த்துவிட்டு அணைக்க மறந்து எழுந்து போய்விடுவார்கள். போன் மணிக்கணக்கில் பிஸியாகவே கிடக்கும். உடம்பு சரியில்லாத அம்மா கூப்பிட்டால்கூடக் கிடைக்காது. அதற்காக மோடத்தின் அமைப்பில் ஒரு கட்டத்தில் டிக் போட்டு வைப்பான். கொஞ்ச நேரம் ஒன்றும் போகாமல் ஒன்றும் வராமல் சும்மா கிடந்தால், மோடம் தானாகவே லைனை வைத்துவிடும். "புண்ணியவான்" என்று அவனை வாழ்த்தியவர்கள் நிறையப் பேர். தன் வீட்டிலும் போட்டிருந்தான். இருப்பதிலேயே குறைந்த நேரத்தை வைத்திருந்தான். ஆபீசிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் லைன்மேன் வீட்டு லைனே பிஸியாக இருக்கலாமா?

அண்ணி பொல்லாதவள் இல்லை. அவளுடைய மாமா ஒருவர் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்தபோது, பேச்சுவாக்கில் அண்ணனிடம், "தனிக்குடித்தன விஷயத்தை உங்கப்பாகிட்ட நான்தான் மார்க்கெட்ல பாத்து சொன்னேன். பெத்தவருக்குத் தெரிய வேணாமா?" என்று சொல்லியிருக்கிறார். அண்ணி எனக்குப் போன் செய்து சொன்னாள். "அன்னிலேர்ந்து உங்க அண்ணன் சரியா சாப்பிடறதில்லை. போன்ல பேசுங்கன்னா, வாய் வரலைங்கறார். கம்ப்யூட்டர்ல எழுதறாராம். தம்பி விலாசம் குடுங்க."

எல்லாவற்றையும் கம்பியிடம் சொன்னேன். அப்படித்தான் ஆரம்பித்தது. அவர்களுக்குக் காலை, நமக்குச் சாயங்காலம். ஒருவர் எழுதி அனுப்பினால் மற்றவர் திரையில் உடனே தெரியும். இங்கிலீஷ் எழுத்தில் நம் பேச்சை எழுதிக்கொள்வார்கள். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். கம்பி வாசித்துச் சொல்லுவான். முதல் நாள், 'எப்படி இருக்கே.' 'நல்லா இருக்கேன் அண்ணா.' அவ்வளவுதான். அதற்கே தம்பி பெண்டாட்டி எல்லோருக்கும் டீ போட்டாள்.

லைன் சும்மா விடுமா? கம்பி வீடு கேபிளின் கடைக்கோடியில் இருந்தது. நாலு வார்த்தைக்குள் அறுந்துபோகும். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கம்பத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். கம்பத்திலிருந்து புதுக் கம்பி இழுத்தான். வீட்டுக்குள் வேறு போனே இல்லாமல் செய்தான். மோடத்தை ஒவ்வொரு வேகத்திலும் வைத்து, கீச்சலைக் கேட்டுக் கேட்டு, ஒன்றில் நிறுத்தினான். "இது நிக்கும்" என்றான். நின்றது. அண்ணனுக்குப் பெருமையாக எழுதினான்: 'அண்ணா, இனிமே நம்ம லைன் பாறை மாதிரி. அறுந்தே போகாது.'

'நீ வேலைக்காரன்டா' என்று அண்ணன் பதில் எழுதினான். அதைக் கம்பி எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினான்.

பிறகு அந்தச் சாயங்காலம். நானும் அங்கே இருந்தேன், தம்பி பெண்டாட்டியோடு கீரை ஆய்ந்துகொண்டு. அண்ணன் மழையைப் பற்றி எழுதினான், முட்டிவலியைப் பற்றி எழுதினான். அப்புறம், 'கொஞ்சம் இரு' என்று வந்தது.

"இரு-ன்னு சொல்லியிருக்கார்க்கா" என்றான் கம்பி.

"யாராவது வாசல்ல வந்திருப்பாங்க."

அவன் இருந்தான். கையை மடியில் வைத்துக்கொண்டான். தம்பி பெண்டாட்டி, "நீங்க ஏதாவது எழுதுங்களேன், சும்மா ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றாள். "அண்ணன் இருன்னுட்டார். நடுவுல நான் ஏன் நுழையணும்?" என்றான் அவன். திரையையே பார்த்துக்கொண்டு, சிறுவயதில் அப்பா முன்னால் நிற்பானே அப்படி, அசையாமல் உட்கார்ந்திருந்தான். நாங்கள் கீரையை ஆய்ந்து முடித்துக் கழுவப் போட்டோம்.

மோடத்தில் டக்கென்று ஒரு சத்தம். அதன் விளக்கு அணைந்தது.

"போச்சு" என்றான். உடனே மறுபடி போட்டான். பிஸி. எல்லோரும் வீடு திரும்பி இன்டர்நெட் பார்க்கிற நேரம் அது, அந்த நம்பர் லேசில் கிடைக்காது. மறுபடி மறுபடி போட்டான். கிடைத்தபோது அண்ணன் அங்கே இல்லை. 'லைன் அறுந்துபோச்சு அண்ணா, மன்னிச்சுக்கோ' என்று கடிதம் அனுப்பினான். பதில் இல்லை. அடுத்த சாயங்காலமும் அண்ணன் வரவில்லை. அதற்கடுத்த சாயங்காலமும் வரவில்லை. அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்ன சொல்றது போங்க" என்றாள். "ஊருக்கெல்லாம் லைன் சரி பண்றவன், பாறை மாதிரி லைன்னு சொன்னவன், நான் சொல்ல வந்தப்போ மட்டும் அறுந்துபோச்சாமான்னு கேக்கறார். வெச்சுட்டான், எனக்கு வேண்டியதுதான்ங்கறார்."

நான் இதைக் கம்பியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அப்போது தோன்றியது. அவன், "வெளிக் கேபிள்ல ஈரம் இறங்கியிருக்கும்க்கா, வேறென்ன?" என்றான். கம்பத்தில் ஏறிப் பார்த்தான். ஈரம் இல்லை.

எது அறுத்தது என்பது பல் டாக்டரம்மா வீட்டில்தான் தெரிந்தது. அந்த அம்மாள் வாய் நிறையப் பேசுகிறவர். வாடிக்கையாளர்கள் வாயைத் திறந்துகொண்டு பதில் பேச முடியாமல் கிடப்பதால் வந்த பழக்கம் என்று கம்பி சொல்லுவான். வெளியூர் மகளுக்கு யோசித்து யோசித்து எழுதுகிறவர். கம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் மோடம் மகா முன்கோபிப்பா. நான் நல்ல வார்த்தையா தேடிக்கிட்டிருக்கேன், அதுக்குள்ள பொசுக்குனு போனை வெச்சுடுது. என் வீட்டுக்காரர்கூட இவ்வளவு சீக்கிரம் வெச்சதில்லை."

கம்பி ரிசீவரைக் காதில் வைத்தான். டோன் பளிங்கு மாதிரி இருந்தது. முடிச்சுகளைப் பார்த்தான், எல்லாம் சுத்தம். "எப்பம்மா போகுது? எழுதும்போதா, அனுப்பும்போதா?"

"எழுதறப்போதான். அனுப்பறப்போ லைன் நல்லாத்தான் நிக்குது! எழுதிக்கிட்டே இருந்தா, ஒண்ணுமே நடக்கலைன்னு நெனைச்சுக்குது போல."

அவன் மோடத்தின் அமைப்பைத் திறந்தான். தான் போட்ட டிக் இருந்தது. அந்தம்மாள் ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தாராம். இவன் பல் பிடுங்குகிற நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டானாம். "பல்லு வலியா?" என்று கேட்டிருக்கிறார்.

நேராக என் வீட்டுக்கு வந்தான். "அக்கா, ஈரமும் இல்லை, கேபிளும் இல்லை. அவர் ரொம்ப நேரம் எழுதிக்கிட்டிருந்திருக்கார். எழுதி அனுப்பற வரைக்கும் கம்பில ஒண்ணும் ஓடாது. இந்தப் பக்கம் நானும் சும்மா இருந்தேன். ரெண்டு பேரும் சும்மா இருக்காங்கன்னு மோடம் வெச்சிடுச்சு. நான் ஒரே ஒரு எழுத்து தட்டி அனுப்பியிருந்தா நின்னிருக்கும்க்கா. ம்-னு போட்டிருந்தாப் போதும்."

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்தான், என் எதிரிலேயே. அத்தனை வருஷத்துக்கப்புறம் ஒருவர் குரலை ஒருவர் கேட்டார்கள். இவன் மோடம், டிக், நேரம் என்று எல்லாவற்றையும் விளக்கினான். அண்ணனுக்கு எவ்வளவு புரிந்ததோ!

"சரிடா, விடு" என்றானாம்.

"நீ என்னண்ணா எழுதினே?"

"எப்பவோ எழுதினது. இப்ப எதுக்கு? முட்டிக்கு என்ன தைலம் தடவறீங்க அங்கே?"

கம்பி தைலத்தின் பெயரைச் சொன்னான்.

பகை தீர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணன் மறுபடி சாயங்காலங்களில் வந்தான். கம்பி தன் வீட்டில் அந்த டிக்கை எடுத்துவிட்டான், ஆபீஸ் அழைப்புக்குத் தனி லைன் வாங்கிக்கொண்டான். ஆனாலும் அவனுக்குப் பயம் விடவில்லை. எதிர்ப்பக்கம் கொஞ்சம் தாமதமானால் ஒரு புள்ளி தட்டி அனுப்புவான். இன்னும் தாமதமானால் இன்னொரு புள்ளி. ஒரு நாள் அண்ணன் மறுபடியும், 'ஒண்ணு சொல்லணும், இரு' என்று எழுதினான். கம்பி தட்ட ஆரம்பித்தான். ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. இன்னொன்று.

'ஏண்டா கொசு மாதிரி புள்ளி வெச்சுக்கிட்டே இருக்கே?' என்று வந்தது. 'சொல்ல வந்தது போச்சு.'

கம்பி அதை எனக்கு வாசித்துவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். தம்பி பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "நீங்களே கேட்டுட்டா என்ன? அந்த விஷயமாத்தானேன்னு கேளுங்களேன்" என்றாள்.

"அவரா சொல்லணும்" என்றான் கம்பி.

அதற்கு மேல் அண்ணன் சொல்ல வரவேயில்லை. மழை, முட்டி, பிள்ளைகள் படிப்பு, இவ்வளவுதான். மோடம் போய் வேகமான இணைப்பு வந்தது, முகம் பார்த்துப் பேசுகிற வசதியும் வந்தது. திரையில் அண்ணன் முகம் வரும். நரைத்த மீசையோடு மோட்டைப் பார்ப்பான். கம்பி அசையாமல் உட்கார்ந்திருப்பான். அண்ணன் கீழே பார்த்து, "அப்புறம், சாப்டாச்சா?" என்பான்.

போன வருஷம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டான். அண்ணி எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து இங்கே வந்தாள். கம்பி அவளிடம் நேரில் கேட்டான். "அண்ணி, அன்னிக்கு லைன் போச்சே, அண்ணன் என்ன எழுதினார்னு தெரியுமா?"

"எனக்கு எங்கே காட்டினார்? ஒத்தை விரலால தட்டறதும் அழிக்கிறதுமா இருந்தார். டீ வெச்சேன், ஆறிப்போச்சு. அனுப்பறப்போ, நீங்க போயிட்டீங்கன்னு கம்ப்யூட்டர் காட்டிச்சாம். எழுதினதும் கூடவே போயிடுச்சு. அப்புறம் கேட்டா எரிஞ்சு விழுவார்."

அண்ணி தூங்கப் போனதும் நான் கம்பியிடம் சொன்னேன். "அதைத்தான்டா எழுதியிருப்பான். நீ ஒட்டுக்கேக்கலைன்னுதான். வேற என்ன எழுதப்போறான்?"

"எனக்கும் தெரியும்க்கா. அவர் அதை எழுத உக்காந்தார்னு அண்ணி உனக்குப் போன் பண்ணப்பவே தெரியும். அதுக்கப்புறம் எத்தனை வருஷம் பேசினோம்! 'நீ சொல்ல வேணாம்ணா, எனக்குப் புரிஞ்சுபோச்சு'ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா அந்த மனுஷன் மோட்டைப் பாக்காம என் மூஞ்சியைப் பாத்துப் பேசியிருப்பார். குறுக்கே பேசக் கூடாதுன்னா உக்காந்திருந்தேன்? அது முதல் தடவைக்குச் சரி. மத்த நாளெல்லாம், அவர் வாயால கேட்டே ஆகணும்னுதான் உக்காந்திருந்தேன்."